விளையாத வருஷத்தில் பெயரை விற்காத ஊர்

கடல் தாண்டிய கழனி

திராட்சைத் தோட்டக்காரர்களுக்குப் போர்டோ கலவையை அறிமுகம் செய்யத் தேவையில்லை. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த அந்த நீலக் கரைசல்தான் அடிச்சாம்பல் நோய்க்கு இன்றும் முதல் மருந்து. போர்டோ என்பது பிரான்சின் தென்மேற்கில் உள்ள பெரிய ஒயின் நகரம். அங்கே தாவரவியல் பேராசிரியராக இருந்த அலெக்சிஸ் மில்லார்தே, 1882-இல் ஒரு தோட்டத்தைக் கடந்து போகும்போது, சாலையோரக் கொடிகளில் மட்டும் இலை உதிராமல் இருப்பதைக் கவனித்தார். வழியில் போகிறவர்கள் பழத்தைப் பறித்துத் தின்னாமல் இருக்கத் தோட்டக்காரர்கள் அந்த வரிசையில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் தெளித்திருந்தார்கள். திருட்டைத் தடுக்க அடித்தது நோயைத் தடுத்திருந்தது. ஆராய்ந்து பார்த்து 1885-இல் வெளியிட்டார். கலவைக்குப் போர்டோவின் பெயர் நிலைத்துவிட்டது.

மில்லார்தே பிறந்த ஊர் போர்டோ அல்ல. நாட்டின் மறுகோடியில், சுவிட்சர்லாந்து எல்லையை ஒட்டிய ஜூரா மாவட்டத்தில், மோன்மெரே என்ற சிற்றூர். இந்த இதழில் பார்க்கப்போவது அந்த ஜூராவைத்தான். சினிமாவில் டைனோசர் காலத்துக்கு 'ஜுராசிக்' என்று சொல்கிறார்களே, அந்தப் பெயரே இந்த மலைத்தொடரின் சுண்ணாம்புப் பாறையிலிருந்து வந்ததுதான்.

குடியால் கெட்ட குடும்பங்களைத் தினமும் பார்க்கிற ஊர்களில் ஒயின் பற்றி எதற்கு எழுத வேண்டும் என்று சிலர் முகம் சுளிக்கலாம். நியாயமான கேள்வி. இங்கே பேச்சு குடிப்பதைப் பற்றியதல்ல. பத்தில் ஒன்பது பங்கு நிலத்தை இழந்த சிறு விவசாயிகள், மீதியிருந்த ஒரு பங்கை வைத்துக்கொண்டு தங்கள் விளைபொருளின் விலையைத் தாங்களே தீர்மானிக்கும் நிலைக்கு எப்படி வந்தார்கள் என்பதைப் பற்றியது.

குளிரும் களிமண்ணும்

மலைக்கும் சமவெளிக்கும் நடுவே வடக்குத் தெற்காகச் சுமார் 80 கிலோமீட்டர் நீளும் ஒரு சரிவு. கடல் மட்டத்திலிருந்து 250 முதல் 400 மீட்டர் உயரம். மண் சாம்பல் நிறமும் நீலமும் கலந்த சுண்ணாம்புக் களி. மழை வருஷத்துக்கு ஆயிரம் மில்லிமீட்டருக்கு மேல், அதுவும் ஏதோ ஒரு பருவத்தில் கொட்டித் தீர்க்காமல் வருஷம் முழுக்கப் பரவலாகப் பெய்கிறது. குளிர்காலத்தில் பனி மூடுகிறது. திராட்சைக்கு ஏற்ற இடம் என்று யாரும் கைநீட்டிக் காட்டக்கூடிய பூமி அல்ல.

இங்கே முக்கியமாக ஐந்து ரகங்கள் பயிராகின்றன. ஷார்தொனே, பினோ நுவார் இரண்டும் பக்கத்துப் பகுதியான பர்கண்டியிலும் உள்ளவை. மற்ற மூன்றும் இந்த மண்ணுக்கே உரியவை என்று சொல்லலாம். பூல்சார் சிவப்பு ரகம்தான், ஆனால் தோல் மெலிது. அதன் ஒயினில் கண்ணாடித் தம்ளருக்குப் பின்னால் இருக்கும் கை தெரியும். களிமண்ணைத் தாங்கும், பனியைத் தாங்காது. த்ரூசோ என்ற இன்னொரு சிவப்பு ரகத்துக்குச் சூடு வேண்டும்; சரளைக்கல் கலந்த, வெயில் நன்றாக விழும் துண்டுகளில்தான் அதை வைக்கிறார்கள். மூன்றாவது சவாஞான். வெள்ளைத் திராட்சை, பழம் சிறியது, தோல் தடிமன், மற்ற ரகங்களெல்லாம் அறுவடையாகிப் போன பிறகுதான் பழுக்கும். இந்தச் சவாஞான்தான் பிறகு கதையின் நாயகன்.

ஒரே விவசாயியின் ஐந்து ஏக்கரில் மூன்று வகை மண் இருப்பது அங்கே சாதாரணம். எந்தத் துண்டில் எந்த ரகம் என்பதைப் பாட்டன் முப்பாட்டன் காலத்திலேயே பார்த்துப் பார்த்து முடிவு செய்திருக்கிறார்கள். மண் பரிசோதனை நிலையம் வருவதற்கு முன்னாலேயே நடந்த மண் பரிசோதனை அது.

பூச்சி தின்ற ஐம்பதாயிரம் ஏக்கர்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜூராவில் சுமார் 20,000 ஹெக்டேர், அதாவது ஏறத்தாழ 50,000 ஏக்கர் திராட்சை இருந்தது. அமெரிக்காவிலிருந்து செடிகளோடு சேர்ந்து ஐரோப்பாவுக்கு வந்த ஃபிலாக்செரா என்ற வேர்ப் பேன், பிரான்சின் மற்ற பகுதிகளைத் தின்றுவிட்டு 1880 வாக்கில் இங்கேயும் வந்து சேர்ந்தது. வேரில் உட்கார்ந்து சாறு உறிஞ்சும் கண்ணுக்கே தெரியாத பூச்சி. கொடி ஏன் வாடுகிறது என்று மேலே தேடிக்கொண்டிருக்கும்போதே கீழே எல்லாம் முடிந்திருக்கும். மருந்தில் தீராத அந்தச் சிக்கல் ஒட்டுக்கட்டுவதில் தீர்ந்தது. அமெரிக்கக் காட்டுத் திராட்சையின் வேர் அந்தப் பூச்சியைத் தாங்கும் என்பதால், அதன்மேல் உள்ளூர் ரகத்தை ஒட்டினார்கள். அந்த ஆராய்ச்சியிலும் மில்லார்தே முக்கியமான ஆள். நம்மூர்த் தோட்டங்களில் டாக்ரிட்ஜ் வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டுவது உவர் மண்ணுக்காகவும் நூற்புழுவுக்காகவும். காரணம் வேறு, வழி அதே வழிதான்.

ஆனால் ஒட்டுச்செடி வாங்கவும், பிடுங்கி நடவும், மூன்று நான்கு வருஷம் விளைச்சலில்லாமல் காத்திருக்கவும் எல்லாருக்கும் காசு இல்லை. அதே சமயம் ரயில் பாதை வந்துவிட்டது. தெற்கே சூடான சமவெளியில் மலிவாக விளைந்த ஒயின் ரயிலேறி வந்து இறங்கியது. முதல் உலகப் போர் வேலைக்கு இருந்த ஆண்களைக் கொண்டுபோனது. நிலங்கள் ஒவ்வொன்றாகப் புல்வெளியாயின, காடாயின. இன்று ஜூராவில் இருப்பது ஏறத்தாழ 2,000 ஹெக்டேர், சுமார் 5,000 ஏக்கர். போர்டோவோடு ஒப்பிட்டால் ஐம்பதில் ஒரு பங்குதான் வரும்.

கூட்டாகச் செய்தது

இந்தப் பகுதியில் பழங்காலம் தொட்டு ஒரு வழக்கம் உண்டு. மலைமேல் மாடு வளர்க்கும் குடும்பங்கள் தங்கள் பாலை ஒரே இடத்தில் ஊற்றி, ஒன்றாகச் சேர்த்துப் பெரிய சீஸ் செய்து பங்கிட்டுக்கொள்வார்கள். நாற்பது கிலோ எடையுள்ள ஒரு வட்டு சீஸுக்கு ஏறத்தாழ 400 லிட்டர் பால் வேண்டும். இரண்டு மாடு வைத்திருக்கும் வீட்டில் அது நடக்காது. அதனால் பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே கூட்டு முறை வந்துவிட்டது. இந்தக் கூட்டுப் பால்சாலைக்கு 'ஃப்ருத்தியேர்' என்று பெயர். கூட்டுறவுச் சங்கம் என்ற சொல் புழக்கத்துக்கு வரும் முன்பே இருந்த கூட்டுறவு.

பூச்சியில் அடிபட்ட திராட்சை விவசாயிகள் அந்தப் பெயரையே எடுத்துக்கொண்டார்கள். அர்புவா என்ற சிறு நகரில் 1906-இல் அவர்கள் தொடங்கிய கூட்டு ஒயின்சாலையின் பெயர் 'ஃப்ருத்தியேர் வினிக்கோல்'. இன்றும் இயங்குகிறது. அர்புவாக்காரர்கள் யாருக்கும் லேசில் தலைவணங்க மாட்டார்கள் என்ற பேச்சு அங்கே உண்டு. 1834-இல் அவர்கள் கிளர்ச்சி செய்தபோது, உங்கள் தலைவர் யார் என்று அதிகாரிகள் கேட்டதற்கு, நாங்கள் எல்லாருமே தலைவர்கள்தான் என்று பதில் சொன்னதாக ஊரே பெருமையோடு நினைவுகூர்கிறது. அப்படிப்பட்டவர்கள் ஒரே கணக்குப் புத்தகத்தில் கையெழுத்துப் போட ஒப்புக்கொண்டார்கள் என்றால், நிலைமை எவ்வளவு மோசமாக இருந்திருக்க வேண்டும்!

இதே அர்புவாவில் வளர்ந்தவர்தான் லூயி பாஸ்டர். பிறந்தது 1822-இல் பக்கத்து ஊரான தோலில். அப்பா தோல் பதனிடுபவர். ஒயின் ஏன் கெடுகிறது, ஏன் புளிக்கிறது என்ற ஆராய்ச்சியை 1860-களில் அவர் இங்கே வந்து செய்தார். 1874-இல் ஊருக்கு வெளியே ஒரு சிறு திராட்சைத் தோட்டத்தையே வாங்கினார். 1878-இல் சில கொடிகளைக் கண்ணாடிக் கூடாரத்தால் மூடி, வெளியிலிருந்து ஈஸ்ட் வந்து ஒட்டாத பழத்தின் சாறு தானாக நொதிக்காது என்று நிரூபித்தார். இன்று பால் பாக்கெட்டில் அச்சாகியிருக்கும் 'பாஸ்டரைஸ்டு' என்ற சொல் அவர் பெயரிலிருந்து வந்தது.

பீப்பாயை நிரப்பாத ஒயின்

இனி சவாஞான். பொதுவாக ஒயினைப் பீப்பாயில் ஊற்றி வைத்தால் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகும். குறைந்த இடத்தில் காற்று நுழையும், காற்று பட்டால் காடியாகிவிடும். அதனால் பெரும்பாலான ஊர்களில் அவ்வப்போது நிரப்பிக்கொண்டே இருப்பார்கள். ஜூராவிலோ சவாஞான் ஒயினை 228 லிட்டர் பீப்பாயில் ஊற்றி, வேண்டுமென்றே நிரப்பாமல் விடுகிறார்கள். மேற்பரப்பில் ஈஸ்ட் மெல்லிய ஏடு போலப் படரும். காய்ச்சிய பாலில் ஆடை படிவதைப் போலத்தான். அந்த ஆடை காற்றை மட்டுப்படுத்தி, ஒயினைக் காடியாகாமல் காக்கிறது. அறுவடையாகி ஆறாவது வருஷ டிசம்பர் வரை இப்படியே இருக்க வேண்டும், அதில் குறைந்தது 60 மாதம் அந்த ஏட்டின் அடியில். ஆறு வருஷமும் மூன்று மாதமும் என்பது வாய்க்கணக்கு.

இது சூதாட்டம் மாதிரிதான். எல்லாப் பீப்பாயிலும் ஏடு நன்றாகப் படராது. சில கெட்டுப்போகும். அடிக்கடி மாதிரி எடுத்துப் பரிசோதித்து, தேறாததை முன்கூட்டியே ஒதுக்கிவிடுகிறார்கள். தேறியதிலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காற்றோடு போய்விடும். ஒரு லிட்டர் ஊற்றினால் கடைசியில் 62 சென்டிலிட்டர் மிஞ்சும் என்று கணக்கு. அதனால் அந்த ஒயினுக்குப் பாட்டிலும் 62 சென்டிலிட்டர்தான். தோள் அகலமான, குட்டையான பாட்டில், பெயர் 'க்ளாவ்லான்'. ஐரோப்பாவில் ஒயின் பாட்டிலுக்கு 75 என்று அளவு வகுத்தபோது, இதற்கு மட்டும் விதிவிலக்கு வாங்கிவிட்டார்கள்.

நிறம் பொன் மஞ்சள். 'வான் ஜோன்', மஞ்சள் ஒயின் என்றே பெயர். மணத்தைப் பற்றி எழுதும் பிரெஞ்சுக்காரர்கள் வால்நட், கறி மசாலா என்றெல்லாம் சொல்லித் தடுமாறுவார்கள். தமிழ் வீட்டில் பிறந்தவருக்கு ஒரே சொல்லில் சொல்லிவிடலாம்: வெந்தயம். மஞ்சள் ஒயினுக்கு அந்த மணத்தைத் தரும் 'சோட்டலோன்' என்ற பொருள்தான் வெந்தயத்துக்கும் மணம் தருவது. திறக்காத பாட்டில் தலைமுறைகளைத் தாண்டும். 1774-ஆம் வருஷத்து அறுவடையில் செய்த ஒரு பாட்டில் 2018-இல் ஏலத்தில் ஒரு லட்சம் யூரோவுக்கு மேல் போனது.

இன்னொரு வகை வைக்கோல் ஒயின். நல்ல கொத்துகளைப் பொறுக்கி, வைக்கோலில் பரப்பியோ கயிற்றில் தொங்கவிட்டோ குறைந்தது ஆறு வாரம் நிழலில் உலர்த்தி, பாதி உலர்திராட்சையான பிறகு பிழிகிறார்கள். 100 கிலோ பழத்துக்கு 15 முதல் 18 லிட்டர் சாறுதான் வரும். தேன் போல இனிக்கும் என்பதால் சிறு பாட்டிலில் விற்கிறார்கள்.

வேண்டாம் என்ற வருஷங்கள்

மஞ்சள் ஒயினுக்குப் பேர்போன ஊர் ஷாத்தோ ஷாலோன். செங்குத்துப் பாறை உச்சியில் ஒரு கிராமம், அதன் அடிவாரச் சரிவுகளில் ஐம்பது ஹெக்டேர் அளவுக்குச் சவாஞான். இந்தப் பெயரில் மஞ்சள் ஒயினைத் தவிர வேறெதையும் விற்கக் கூடாது.

பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு வந்தது 1935-இல். ஊர்ப் பெயரைப் போட்டுக் கலப்பட ஒயின் விற்றவர்களால் பிரான்ஸ் முழுக்க விவசாயிகள் நொந்துபோயிருந்த காலம். விவசாய ஆசிரியராக வேலை பார்த்து அரசியலுக்கு வந்த ஜோசஃப் காப்பூஸ் என்பவரின் முயற்சியால் ஒரு சட்டம் வந்தது. இந்த ஊர்ப் பெயர் வேண்டுமென்றால் இந்த எல்லைக்குள், இந்த ரகம், இந்த முறையில், ஹெக்டேருக்கு இந்த அளவுக்கு மேல் விளைவிக்காமல் செய்ய வேண்டும் என்பதே அதன் சாரம். மறு வருஷம், 1936 மே மாதத்தில், முதல் முதலாக அந்தத் தகுதி பெற்ற ஊர்களில் அர்புவாவும் ஷாத்தோ ஷாலோனும் இருந்தன.

ஷாத்தோ ஷாலோனில் அதோடு நிற்கவில்லை. அறுவடைக்கு முன் ஒரு குழு தோட்டம் தோட்டமாக நடந்து பார்க்கிறது. பழத்தில் சர்க்கரை ஏறியிருக்கிறதா, நோய் இருக்கிறதா, கொடியில் காய்ப்பு அளவு மீறியிருக்கிறதா என்று பார்த்து, தேறாத தோட்டத்துக்கு அந்த வருஷம் ஊர்ப் பெயர் கிடையாது. சில வருஷங்களில் ஊருக்கே கிடையாது. 1974, 1980, 1984, 2001 ஆகிய நான்கு வருஷங்களிலும் ஒரு பாட்டில் கூட ஷாத்தோ ஷாலோன் என்ற பெயரில் வரவில்லை. பழம் சரியில்லை என்று விவசாயிகளே சொல்லி, பெயரை விட்டுக்கொடுத்து, அந்த விளைச்சலைச் சாதாரணப் பெயரில் குறைந்த விலைக்கு விற்றார்கள்.

நாலு காசு குறைந்தாலும் பரவாயில்லை என்று ஒருவர் தனியாக முடிவெடுப்பது வேறு. பக்கத்துத் தோட்டக்காரரின் வருமானமும் சேர்த்துக் குறையும் என்று தெரிந்தே ஊர் கூடி முடிவெடுப்பது வேறு. அந்த வருஷமும் அங்கே கடன் தவணை இருந்திருக்கும், பிள்ளைகளின் படிப்புச் செலவு இருந்திருக்கும். அதையெல்லாம் மீறி எடுத்த முடிவு. ஆறு வருஷம் கழித்து வரப்போகும் வாடிக்கையாளர் ஏமாறக் கூடாது என்பதற்காக!

பனியும் சும்மா விடுவதில்லை. 2021 ஏப்ரலில் துளிர்விட்ட கொடிகளின் மேல் உறைபனி விழுந்து, ஜூராவின் அந்த வருஷ விளைச்சலில் பெரும்பகுதி போய்விட்டது. பீப்பாயில் ஏற்கெனவே உறங்கிக்கொண்டிருந்த முந்தைய வருஷங்களின் சரக்குதான் பல வீடுகளில் கை கொடுத்தது. மெதுவாகப் பணமாகும் பொருளில் இப்படி ஒரு நன்மையும் உண்டு.

ஒரே தட்டில் சேர்வது

மஞ்சள் ஒயினுக்குத் துணை எது என்று கேட்டால் ஜூராக்காரர்கள் யோசிக்காமல் 'கோந்த்தே' என்பார்கள். மேலே சொன்ன கூட்டுப் பால்சாலைகளில் ஆகும் அதே பெரிய வட்டு சீஸ். 1958-இலிருந்து அதற்கும் ஊர்ப் பெயர்ப் பாதுகாப்பு உண்டு. அதன் விதிகளை நம் பால்மாட்டுக்காரர்கள் படித்தால் ஆச்சரியப்படுவார்கள். மோன்பெலியார் அல்லது பிரெஞ்சு சிம்மென்டல் இன மாடு மட்டுமே. ஒரு மாட்டுக்குக் குறைந்தது ஒரு ஹெக்டேர் புல்வெளி. ஒரு பால்சாலைக்குப் பால் வரும் பண்ணைகள் எல்லாம் 25 கிலோமீட்டர் விட்டமுள்ள வட்டத்துக்குள் இருக்க வேண்டும். ஊறுகாய்ப்புல் கூடவே கூடாது. அதிலிருந்து பாலுக்கு வரும் ஒருவகைப் பாக்டீரியா, மாதக்கணக்கில் முதிரும் சீஸை உள்ளிருந்து உப்ப வைத்து வெடிக்கச் செய்துவிடும். இங்கே பச்சைத் தீவனம் இல்லாத மாதங்களில் ஊறுகாய்ப்புல் போடச் சொல்வது சரியான ஆலோசனைதான். கறந்த பாலை அன்றே விற்பவருக்கு அந்தச் சிக்கல் இல்லை. சீஸ் குறைந்தது 120 நாள் நிலவறையில் இருக்கும். ஒரு வருஷம், இரண்டு வருஷம் விடுவதும் உண்டு. இத்தனை கட்டுப்பாட்டுக்கும் பலன் இருக்கிறது. கோந்த்தேவுக்குப் பால் ஊற்றுபவருக்குப் பிரான்சின் சராசரிப் பால் விலையைவிடக் கூடுதலாகக் கிடைக்கிறது.

அந்தச் சீஸும் வால்நட் பருப்பும் மஞ்சள் ஒயினும் ஒரு கூட்டு. பண்டிகை நாளில் கோழிக்கறியைப் பாலாடையும் மோரல் என்ற காட்டுக் காளானும் சேர்த்து, மஞ்சள் ஒயின் ஊற்றிச் சமைக்கிறார்கள். கோழி பக்கத்துப் பகுதியான பிரெஸ்ஸிலிருந்து வந்தால் விசேஷம். புல்வெளியில் மேயவிட்டு வளர்க்கும் அந்த வெள்ளைக் கோழிக்கும் தனிச் சட்டப் பெயர் உண்டு. மெல்லிய பூல்சார் ஒயின் புகையில் வாட்டிய மொர்த்தோ இறைச்சிக்கு, இனிப்பான வைக்கோல் ஒயின் நீலப்பூசணச் சீஸுக்கு. மோர்பியே என்று இன்னொரு சீஸ், நடுவில் கறுப்புக் கோடு ஓடும். சாயங்காலப் பால் சீஸுக்குப் போதாதபோது, திரட்டியதன்மேல் அடுப்புச் சாம்பலைத் தூவி மூடிவைத்து, மறுநாள் காலைப் பாலின் திரட்டை அதன்மேல் போட்டார்கள். பூச்சி மொய்க்காமல் இருக்கப் போட்ட சாம்பல் இன்று அதன் அடையாளம்.

ஒவ்வொரு செப்டம்பர் முதல் ஞாயிறும் அர்புவாவில் 'பியூ' திருவிழா. பல தோட்டங்களின் கொத்துகளைச் சேர்த்துக் கட்டி, நூறு கிலோ எடையில் ஒரே பெரிய கொத்து போல ஆக்கி, கம்பில் மாட்டித் தோளில் சுமந்துபோய் மாதாகோயிலில் ஏற்றுகிறார்கள். முதல் கதிரைச் சாமிக்குப் படைத்துவிட்டு அறுவடைக்கு இறங்கும் வழக்கம்தான்.

வாசகர் கேள்விகள்

கேள்வி: சவாஞான் போன்ற ஒயின் ரகங்களைக் கம்பம் பள்ளத்தாக்கில் நட்டுப் பார்க்கலாமா?

பதில்: வேண்டாம். அந்த ரகம் குளிர்காலத்தில் இலை உதிர்த்து மாதக்கணக்கில் உறங்கி எழுந்து பழகியது. கம்பத்தில் கொடி உறங்குவதே இல்லை. கவாத்து செய்துதான் அதைக் காய்க்க வைக்கிறோம். தவிர, வெளிநாட்டுக் குச்சியைப் பையில் போட்டுக் கொண்டுவருவது 2003-ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி குற்றம். இறக்குமதி அனுமதியும் நோயற்ற சான்றும் வேண்டும். ஒரு செடியோடு வந்த ஒரு பூச்சி என்ன செய்யும் என்பதை மேலே பார்த்தோம்.

கேள்வி: கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அங்கே விளைவிக்கும் எல்லாரும் அந்த முத்திரையைப் போட்டு விற்கலாமா?

பதில்: முடியாது. 1999-ஆம் ஆண்டின் புவிசார் குறியீடுச் சட்டப்படி, குறியீட்டைப் பதிவு செய்தது ஒரு வேலை. அதைப் பயன்படுத்த ஒவ்வொரு விவசாயியும் 'அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்' என்று தனியாகப் பதிவு செய்துகொள்வது இன்னொரு வேலை. பதிவகம் சென்னை கிண்டியில் இருக்கிறது. குறியீட்டைப் பெற்ற சங்கத்தின் வழியாக, நிலம் எல்லைக்குள் இருப்பதற்கான சான்றோடு விண்ணப்பிக்கலாம். பதிவு பத்து வருஷம் செல்லும், பிறகு புதுப்பிக்க வேண்டும். விண்ணப்பிக்கும் முன் பதிவான விவரக் குறிப்பை வாங்கிப் படியுங்கள். பழத்தின் தன்மை, விளையும் எல்லை, சாகுபடி முறை, யார் கண்காணிப்பார்கள் என்பதெல்லாம் அதில் எழுதியிருக்கும். வெளி மாவட்டப் பழம் அதே பெயரில் சந்தையில் இறங்கினால் புகார் கொடுக்க அந்தக் காகிதம்தான் கையில் இருக்க வேண்டும்.